முக்கோணமாகத் தெரிந்த நட்சத்திரம்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடி போட்டதால் வந்த பெயரில்லை. நாற்பத்தேழு வயதிலும் ஊசியில் நூல் கோக்க அவளுக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, கடை முகப்பு, மீன்தொட்டி என்று கண்ணாடியில் எந்த வேலை இருந்தாலும் அவளிடம்தான் வருவார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். கல்யாணமான புதிதில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். ஒருநாள் கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையைப் பீய்ச்சுகிற கன் பிடிக்கிற ஆள் வரவில்லை. வாசலில் வண்டி நிற்கிறது, ஜன்னல் ஏற வேண்டும். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். ஆறடி நீளத்துக்கு ஒரே மூச்சில், நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு இழுத்தாள். பட்டறைக்காரர் அதைக் குனிந்து பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு வருஷமா உன்ன பெருக்க விட்டேனே, என்னைச் சொல்லணும்" என்றார். அதன் பிறகு அவள் விளக்குமாற்றைத் தொட்டது தன் சொந்தக் கடையில்தான்.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருக்கு ஒரே தங்கை, பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். நாற்பத்திரண்டு வயதான அந்த டீச்சரை அவர் இன்னமும் 'பாப்பா' என்றுதான் அழைப்பார். அந்தப் பாப்பாவும் கண்ணாடியக்காவும் இரண்டு வருஷமாகச் சரியான பேச்சுவார்த்தையில் இல்லை.

சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஜன்னல் ஒன்று உடைந்து, அதை மாற்ற இவள் போயிருந்தாள். ஆசிரியர்கள் அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தர், "இவங்களா உங்க அண்ணி?" என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "ஆமா, எங்க அண்ணிக்குக் கண்ணாடி வெட்டத் தெரியும். கண்ணாடி போட்டுட்டுப் படிக்கத்தான் தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவள் ஜன்னலைப் பொருத்தி முடித்தாள், விளிம்பைத் துடைத்தாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து "சாப்பிட்டியா?", "ஆச்சு அண்ணி" என்ற அளவோடு சரி.

அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை காலை டீச்சர் வாடகை வண்டியில் வந்து கடை வாசலில் இறங்கினாள். மடியில் போர்வை சுற்றிய ஒரு பொட்டலம். தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். பத்து அங்குல அகலத்தில் வட்டமான கனத்த கண்ணாடி. மேல்முகம் லேசாகக் குழிந்து, பளபளவென்று இருந்தது. அடியில் அலுமினியத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேல தொட்டுடாதீங்க அண்ணி. ரசம் முன்பக்கம்தான் பூசியிருக்கு."

கண்ணாடியக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஸ்கூல் டெலஸ்கோப்போட கண்ணாடி" என்றாள் டீச்சர். "போன வருஷம் வாங்கினது. மொதல்ல இருந்தே சரியில்ல. சனிக்கிழமை பிள்ளைங்களுக்குக் காட்டினேன். ஒரு பொண்ணு, 'டீச்சர், நட்சத்திரத்துக்கு மூணு மூலை இருக்கு'ங்கறா. எட்டிப் பாத்தா நிஜமாவே முக்கோணமாத்தான் தெரியுது."

"கண்ணாடியில கோளாறா?"

"கண்ணாடி நல்ல கண்ணாடி. ஒட்டினதுல கோளாறு. இதத் தகட்டுலேருந்து பிரிச்சுக் குடுத்தா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன். நானும் ரெண்டு நாளா முயற்சி பண்ணிட்டேன், அசைய மாட்டேங்குது."

கண்ணாடியக்கா ஓரத்தில் குனிந்து தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பார்த்தாள். மூன்று இடத்தில் சிலிக்கான் திட்டுகள். அவை காகிதம் போல நசுங்கியிருக்க, கண்ணாடி தகட்டோடு தகடாக உட்கார்ந்திருந்தது. விளிம்பில் பிதுங்கி நின்ற சிலிக்கானை நகத்தால் நெருடினாள். தேநீர் நிறம்.

இந்த நிறம் அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் ஒரு பெட்டி மாறி வந்து இறங்கியது. ஊரில் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. குளியலறை ஓரத்துக்குப் போடுகிற சரக்கு. அதில் ஒரு டியூப் மட்டும் கணக்கில் இடித்தபோது எலி தூக்கிப் போயிருக்கும் என்று வீட்டுக்காரர்தான் சமாதானம் சொன்னார்.

அவர் அன்றைக்கு மதிய ஷிப்ட். கடை வாசலில் நின்றுகொண்டிருந்தவர், இவள் திரும்பிப் பார்த்ததும், வாசலில் நின்ற சைக்கிளின் காற்றை மிக அக்கறையாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். அந்தச் சைக்கிள் யாருடையது என்றுகூட அவருக்குத் தெரியாது.

"ஏங்க, அந்த எலி இயற்பியல் படிச்ச எலியா?" என்று கேட்டாள்.

டீச்சரின் முகம் தொங்கிப்போனது. "கண்ணாடியும் தகடும் தனித்தனியாத்தான் வந்துது. நான்தான் அண்ணி ஒட்டினேன். உங்ககிட்ட கேக்க ஒரு மாதிரியா இருந்துது. அண்ணன்கிட்ட ஒரு டியூப் வாங்கிட்டேன். ஸ்கூல்ல கம்பெனிக்காரங்க ஒட்டினதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கண்ணாடியக்கா ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றாள். "பிரிச்சுக் குடுக்கறேன். ஆனா திரும்பவும் நீ ஒட்டினா திரும்பவும் முக்கோணம்தான் வரும். ஏன்னு தெரியுமா?"

"தெரியலையே. இறுக்கமா, அசையாம இருக்கணும்னுதான் அழுத்தி ஒட்டினேன்."

"அதான் தப்பு. வெயில் பட்டா அலுமினியம் எவ்வளவு நீளும், கண்ணாடி எவ்வளவு நீளும்?"

டீச்சர் நெற்றியில் தட்டிக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் வருஷா வருஷம் அவள் நடத்துகிற பாடம் அது.

"பெரிய ஜன்னல் போடறப்போ சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடம் விடாம போட்டா, கோடையில தானா விரிசல் விடும்" என்றாள் கண்ணாடியக்கா. "சிலிக்கான் தடிமனா இருக்கணும். தகடு நீண்டா அது ரப்பர் மாதிரி இழுபட்டுக் குடுக்கும், கண்ணாடிக்கு எதுவும் தெரியாது. நீ போட்டிருக்கறது காகித கனம். ராத்திரி குளிர்ல தகடு சுருங்கறப்போ மூணு இடத்துலயும் கண்ணாடியப் பிடிச்சு முறுக்குது. மூணு திட்டு, மூணு மூலை."

பிரிப்பது லேசாக முடியவில்லை. மீன்தொட்டி பிரிக்கிற தூண்டில் நரம்பை விட்டுப் பார்த்தாள். அந்தச் சந்தில் நுழைவதற்குள் அறுந்தது. இசைக்கருவிக் கடையில் கிடாரின் ஆக மெல்லிய கம்பியை வாங்கிவரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினாள். செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக அவர் ஓடினார். கம்பியின் இரண்டு முனையிலும் மரத்துண்டைக் கட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு, ரம்பம் இழுப்பது போல இழுத்தாள். முதல் திட்டு விட மதியம் ஆயிற்று. இரண்டாவதில் கம்பி இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது மறுநாள், வியாழக்கிழமை. அது விட்டதும் கண்ணாடி வழுக்கும் என்பதால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். டீச்சர் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீச்சர் கண்ணாடியின் விளிம்பை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தாள். கண்ணாடியக்கா கம்பியை இழுத்தாள். சரக், சரக் என்று கம்பி அறுத்தது.

"அண்ணி."

"ம்."

"அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல..."

"கையத் தளர்த்தாத. இதோ வந்துடுச்சு."

"இல்ல, சொல்லிடறேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா நீங்க ஜன்னல் ஓரத்தத் துடைச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போனீங்க பாருங்க, எனக்கு அன்னைக்கு சாப்பாடு இறங்கல."

"எனக்கு ரெண்டு நாள் இறங்கல" என்றாள் கண்ணாடியக்கா. கம்பி சட்டென்று வெளியே வந்தது. கண்ணாடி டீச்சரின் கைகளில் கனமாக இறங்கியது. அவள் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார்கள். பிறகு கண்ணாடியக்கா எழுந்து பிளேடை எடுத்து, கண்ணாடியின் பின்புறம் ஒட்டியிருந்த பழைய சிலிக்கானைச் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தப் பேச்சு அவ்வளவில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஒட்டுகிற வேலை. திட்டுகள் எங்கே வர வேண்டும் என்று டீச்சர் கணக்குப் போட்டு வந்திருந்தாள்: மையத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சம தூரத்தில் மூன்று. அந்த இடத்தில் தாங்கினால்தான் கண்ணாடி தன் எடையால் தொய்வது ஆகக் குறைவாக இருக்குமாம். கண்ணாடியக்கா தகட்டில் வட்டம் போட்டு, மூன்றாகப் பிரித்துப் புள்ளி வைத்தாள்.

"எந்த சிலிக்கான் அண்ணி?"

"வாசனை இல்லாதது. சீக்கிரம் காயற சரக்குல வினிகர் நெடி அடிக்கும். அது ரசத்துக்கு ஆகாது. குளியலறைக் கண்ணாடியெல்லாம் ஓரத்துல கறுத்துப் போகுதே, பாதி அதனாலதான்."

"இது அலுமினியப் பூச்சு, ரசம்னு சும்மா சொல்றோம்."

"எதுவா இருந்தா என்ன, புளிப்பு ஆகாது."

தடிமனுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். நாலு மில்லிமீட்டர் கண்ணாடித் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கீற்று வெட்டினாள். ஒரே தகடு என்பதால் மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒரே கனம். அவற்றில் டேப் சுற்றி, புள்ளிகளுக்கு நடுநடுவே வைத்தாள். கண்ணாடி அந்தக் கீற்றுகளின் மேல் உட்காரும். சிலிக்கான் காய்ந்ததும் கீற்றுகளை உருவிவிடலாம்.

நடுவில் உட்கார வைப்பதுதான் சிக்கல். முன்முகத்தைத் தொட முடியாது. ஈரமான சிலிக்கான்மேல் வைத்துவிட்டு இப்படி அப்படி நகர்த்தவும் முடியாது. தகட்டைச் சுற்றி மூன்று மரக்குச்சிகளைச் செங்குத்தாக நிறுத்தி, பிடிகருவியால் இறுக்கினாள். கண்ணாடிக்கும் குச்சிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதை நிரப்ப வீட்டுக்காரரின் சீட்டுக்கட்டை எடுத்தாள். வெறும் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, ஒரு பக்கம் மூன்று சீட்டு, ஒரு பக்கம் நான்கு, மறுபடி மூன்று மூன்று மூன்று என்று மாற்றி, தகட்டின் விளிம்புவரை நாலாபுறமும் அளந்து, சரியானதும் சீட்டுகளைக் குச்சிகளோடு டேப் போட்டாள்.

"அதுல ராணி இருக்கா பாரு" என்றார் வீட்டுக்காரர், வாசலில் நின்றபடி. "ஞாயித்துக்கிழமை ஆடணும்."

"ராணி பதினஞ்சு நாள் லீவு" என்றாள்.

மூன்று புள்ளிகளிலும் குமிழ் குமிழாகச் சிலிக்கான் வைத்தாள், கீற்றைவிடக் கொஞ்சம் உயரமாக. உள்ளே காற்று அடைபடாமல் நடுவிலிருந்து ஒரே அழுத்தில் வைத்தாள். பிறகு இருவரும் இரண்டு பக்கமும் கண்ணாடியைப் பிடித்து, சீட்டுகளின் நடுவே பெட்டிக்கு மூடி போடுவது போல இறக்கினார்கள். அது தன் எடையிலேயே இறங்கி, கீற்றுகளைத் தொட்டு நின்றது.

கண்ணாடியக்கா ஒரு டேப் துண்டில் தேதி எழுதித் தகட்டின் ஓரத்தில் ஒட்டினாள். மிச்சமிருந்த சிலிக்கானில் அதே அளவு ஒரு குமிழை உடைந்த கண்ணாடித் துண்டுக்கும் அலுமினியத் துண்டுக்கும் நடுவே வைத்து, சோதனைக்கென்று பக்கத்தில் வைத்தாள்.

"எத்தனை நாள் அண்ணி?"

"பன்னெண்டு."

"வர்ற வியாழக்கிழமை பெத்தவங்க எல்லாம் நிலா பாக்க வர்றாங்க. அன்னைக்குத்தான் அரை நிலா. விட்டா சாயங்காலம் தெரியற அடுத்த அரை நிலாவுக்கு ஒரு மாசம் ஆகும்."

"பன்னெண்டு நாள்."

டீச்சர் தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் வியாழக்கிழமை மதியம் தலைமையாசிரியையின் வண்டியோடு வந்து நின்றாள். பக்கத்திலிருந்த சோதனைத் துண்டின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். "அண்ணி, காய்ஞ்சிருச்சே! கையில ஒட்டவே இல்லையே!"

கண்ணாடியக்கா அந்தச் சோதனைத் துண்டை எடுத்தாள். அலுமினியத்தை ஒரு கையிலும் கண்ணாடியை ஒரு கையிலும் பிடித்து, முறுக்கிப் பிளந்தாள். சுற்று விளிம்பு ரப்பராக இறுகியிருந்தது. நடுவில் பசை இன்னும் நூல் நூலாக இழுத்தது.

"வெளியதான் தோல். உள்ள கூழ். காத்து பட்ட பக்கத்துலேருந்து உள்ள போய்த்தான் இறுகும். இப்ப இதத் தூக்கி நிமிர்த்தி மாட்டினா சரிஞ்சிரும். நடுவுல உக்கார வெச்சதெல்லாம் வீண்."

"ஒரு நாள் ராத்திரி தாங்காதா?"

கண்ணாடியக்கா ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சொந்தக் கடை போட்ட முதல் வருஷம். பல் டாக்டர் ஒருவருக்கு ஆறடி மீன்தொட்டி. கிளினிக் திறப்பு விழா நெருங்கிவிட்டதென்று அவர் அவசரப்படுத்தினார். விரலில் ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாளே தண்ணீர் விடச் சம்மதித்துவிட்டாள். நாலாம் நாள் காலை அடிப்பக்க ஒட்டு விட்டுக்கொடுத்தது. அறை முழுக்கத் தண்ணீர். காத்திருந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே பல் குடைய உட்கார்ந்திருந்த ஆள் வாயைத் திறந்தபடியே எழுந்து வெளியே வந்துவிட்டார். இவள் ஓடிப்போய், தரை துடைக்கிற வாளியில் மீன்களைப் பொறுக்கிப் போட்டாள். யாருக்கும் அடியில்லை. மீன்களில் நாலு மட்டும் பிழைக்கவில்லை.

"அந்த டாக்டர் கத்தவே இல்ல. 'ஏம்மா, நான்தான் அவசரப்படுத்தினேன், உனக்குத் தெரியுமில்ல, நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே'ன்னார். அது இன்னும் காதுல கேக்குது. அதுலேருந்து நான் முடியாதுன்னா முடியாதுதான்."

டீச்சர் அந்தப் பிளந்த துண்டைக் கையில் வாங்கினாள். விரலால் நடுவிலிருந்த பசையை இழுத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். அங்கேயே, கடையின் நடுவில் நின்று பேசினாள்.

"மேடம், இன்னைக்கு நடத்த முடியாது... இல்ல, மழை இல்ல. கண்ணாடி இன்னும் காயல... கம்பெனிக்காரங்க மேல தப்பில்ல மேடம். போன வருஷம் நான்தான் ஒட்டினேன். தப்பா ஒட்டினேன். உங்ககிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன்... ஆமா மேடம்... இப்ப எங்க அண்ணி சரி பண்றாங்க. அவங்க பன்னெண்டு நாள்ங்கறாங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் போனை வைத்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் கண்ணாடியக்கா.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றாள் டீச்சர். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெற்றோர்களுக்குச் சேதி சொல்ல அவசரமாக நடந்தே போனாள்.

பன்னிரண்டாம் நாள் கீற்றுகளை உருவினார்கள். வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல வந்தன. கண்ணாடியக்கா ஓரத்தைப் பிடித்து லேசாகத் தள்ளிப் பார்த்தாள். கண்ணாடி மயிரளவு அசைந்து, தானாகத் திரும்பி வந்து நின்றது. "இதான் வேணும்" என்றாள்.

டெலஸ்கோப்பில் நேர்பார்த்துப் பொருத்துவதற்கான மையப் புள்ளி மட்டும் பாக்கி. கண்ணாடியின் அளவுக்குக் காகிதத்தில் வட்டம் வெட்டி, நாலாக மடித்து மையம் கண்டுபிடித்து, அங்கே ஓட்டை போட்டார்கள். அதைக் கண்ணாடிமேல் மிதக்கவிடுவது போல வைத்து, ஓட்டை வழியாகச் சின்னக் காகித வளையம் ஒன்றை ஒட்ட வேண்டும். டீச்சருக்குக் கை வரவில்லை. கண்ணாடியக்கா இடுக்கியால் ஒட்டினாள்.

"நடுவுல ஒட்டறோமே, பாக்கறப்போ கறுப்பாத் தெரியாதா?"

"தெரியாது அண்ணி. முன்னால ஒரு குட்டிக் கண்ணாடி நிக்கும். நடுப்பகுதி எப்பவும் அதோட நிழல்லதான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் சோதனை. நட்சத்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாள் டீச்சர். சின்ன இரும்புக் குண்டில் வெயில் பட்டால் அதில் மின்னுகிற புள்ளி தூரத்திலிருந்து பார்க்க நட்சத்திரம் மாதிரியேதான் இருக்கும். டிப்போவிலிருந்து வீட்டுக்காரர் ஒரு பேரிங் குண்டு கொண்டுவந்தார். மைதானத்தின் மறு கோடியில், கறுப்புத் துணிமேல் அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் காவல் நின்றார்.

டீச்சர் மையம் பார்த்துத் திருகாணிகளைச் சரிசெய்தாள். பிறகு கண் வைத்தாள். நகரவே இல்லை.

"என்ன, மூணு மூலையா?" என்றாள் கண்ணாடியக்கா.

"நீங்களே பாருங்க."

கண்ணாடியக்கா குனிந்தாள். கறுப்பு நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி. டீச்சர் ஃபோகஸ் குமிழைத் திருகியபோது அது விரிந்து தட்டாயிற்று. தட்டுக்குள் வளையம் வளையமாகக் கோடுகள், தண்ணீரில் கல் போட்ட மாதிரி. எல்லாம் வட்டம். மறுபக்கம் திருகினாலும் வட்டம்.

"வளையமெல்லாம் ஒரு பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருக்கே?"

டீச்சர் குனிந்து பார்த்தாள். "ஆமா, சின்னதா. நான் கவனிக்கல. அந்த இடப்பக்கத் திருகாணியக் கொஞ்சம்..."

"நீ பாத்துட்டே சொல்லு, நான் திருகறேன்."

கால் சுற்று, அரைக்கால் சுற்று. "போதும், போதும், நடுவுல வந்துடுச்சு!" என்று டீச்சர் கத்திய கத்தலில் மறுகோடியில் நின்றவர் குண்டுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதென்று குனிந்தார். கண்ணாடியக்கா மறுபடி கண் வைத்தபோது வீட்டுக்காரரின் மூக்கு, மயிர்க்கால் மயிர்க்காலாக, தலைகீழாகத் தெரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் குழாயைத் தட்டிவிட, மொத்தத்தையும் திரும்ப ஒருமுறை குறிபார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த அரை நிலாவன்று மாலை, பொழுது சாய்ந்ததும் பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியையும் வரிசையில்தான் நின்றார். கண்ணாடியக்கா கடை முகப்பு வேலை ஒன்றை முடித்துவிட்டு, சட்டைக் கையில் சிலிக்கானோடு வந்து கடைசியில் நின்றுகொண்டாள். முன்னால் போகச் சொன்னபோது மறுத்துவிட்டாள். அவள் முறை வந்ததும் குனிந்து நிலாவைப் பார்த்தாள். வெளிச்சமும் இருட்டும் சேர்கிற கோட்டில் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் புதிதாக வெட்டிய கண்ணாடி போலக் கூர்மையாக இருந்தது.

"யாருங்க இவங்க?" என்று ஏற்கெனவே பார்த்து முடித்த ஒரு தகப்பனார் டீச்சரிடம் மெல்லக் கேட்டார்.

"எங்க அண்ணி" என்றாள் டீச்சர். "இந்தக் கண்ணாடிய உக்கார வெச்சவங்க."

கண்ணாடியக்கா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நிலா ஓரத்துக்கு நகர்ந்துட்டே போகுதே, யாராவது இடிச்சீங்களா?" என்றாள்.

"யாரும் இடிக்கல அண்ணி. பூமி சுத்துது."

"அப்படியா?" என்றாள். குழாயை இரண்டு விரலால் மெல்லத் தள்ளி, நிலாவை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தாள்.